இருபது நிமிடம் போதும் என்றிருந்தேன்

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே ஸ்டெல்லா மேடம் கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். என் ஆய்வுக்கு அவர்தான் வழிகாட்டி. ஜூலை 31க்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

"அரசி, புது விதி வந்திருக்கு. நீ எடுத்த ஒவ்வொரு பதிவுக்கும் தேதி என்ன, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சே, எவ்வளவு நேரம் ஓடிச்சு, எல்லாம் பட்டியல் போட்டுப் பின்னால சேக்கணுமாம்."

"எழுபத்திரண்டு பதிவு இருக்கு மேடம்."

"இருந்தா? ஒவ்வொண்ணா திறந்து பாரு. உன்னோடதுதானே."

மத்தியானம் வக்கீல் சகுந்தலா போன் செய்தார். ஜூலை 14க்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாம். ஜனவரியில் நானும் நேசனும் சேர்ந்து விவாகரத்து மனு போட்டோம். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வது சட்டம்.

"ரெண்டு பேரும் நேர்ல வரணும்மா. சம்மதமான்னு ஜட்ஜம்மா கேப்பாங்க. ஆமான்னா அன்னைக்கே முடிஞ்சிரும். ஒருத்தர் மாட்டேன்னாலும் மனு போச்சு. நல்லா யோசிச்சீங்களா? இந்த ஆறு மாசம் அதுக்குத்தான் குடுக்கறது."

யோசித்தேன் என்றேன். பொய். சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். திருச்சி வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

ஆய்வேட்டின் முதல் பக்கத்துக்கு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி ஒரு சுருக்கம் வேண்டுமாம். எழுதிப் பார்க்கிறேன்.

மேசை மேல் பதினாறு சர்க்யூட் வட்டமாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் மின்னழுத்தமும் ஏறி இறங்கி ஆடும், ஆனால் ஆடிய மாதிரி மறுபடி ஆடாது. அடுத்து என்ன செய்யும் என்று செய்த எனக்கே தெரியாது. அடங்காப்பிடாரிகள். பக்கத்துப் பக்கத்து சர்க்யூட்டை ஒயரால் இணைத்துவிட்டால் ஒன்றைப் பார்த்து ஒன்று தன்னைத் திருத்திக்கொண்டு, சற்று நேரத்தில் பதினாறும் ஒரே மாதிரி ஆடத் தொடங்கும். இதுதான் ஒத்திசைவு.

நிஜ உலகில் சேதி போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தாமதப் பெட்டி வைத்தோம். பெட்டி வந்த பிறகு ஒரு சர்க்யூட்டுக்கு, பக்கத்தில் இருப்பது இப்போது என்ன செய்கிறது என்று தெரியாது. சற்று முன்னால் செய்ததுதான் தெரியும். ஒரு மில்லிசெகண்டுக்குள் தாமதம் இருந்தால் சமாளித்துச் சேர்ந்து ஆடும். இன்னும் கூட்டினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். 3.2இலிருந்து 3.8 வரை வைத்தால் எல்லாமே நின்றுவிடும். எதுவும் பழுதாகவில்லை, கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஒன்றின் பழைய ஆட்டத்துக்கு இன்னொன்று பதில் சொல்லி, அந்தப் பதிலுக்கு மற்றது பதில் சொல்லி, ஒன்றை ஒன்று அமுக்கி, அலையைக் காட்டும் ஸ்கோப் திரையில் பதினாறும் நேர்கோடாகிவிடும். இதற்கு அலைவு மரணம் என்று பெயர். என் நாலாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

தாமதப் பெட்டிகளைச் செய்தவன் சிவநேசன். அப்போது எங்கள் லேபில் வேலை பார்த்தான். இப்போது ஓசூரில், சர்க்யூட் போர்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில். ஜூலை 14 வரை என் கணவன்.

கடைசி பத்தியை மேடத்துக்கு அனுப்பவில்லை.

ஜூன் 9, திங்கள்

நாற்பது பதிவு முடிந்தது. எல்லாம் ஒரே அச்சு. சுவிட்ச் போடு, முதல் ஐந்து நிமிடத்தைத் தூக்கிப் போடு, இருபது நிமிடம் பதிவு செய், அணை. ஆரம்பத்தில் வரும் தடுமாற்றத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உலகம் முழுக்க எங்கள் துறையில் இதுதான் பழக்கம்.

நேசன் போன் செய்தான்.

"வக்கீல் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"பதினாலாந்தேதி லீவு போட்டுட்டேன். நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று. அப்புறம் வைத்துவிட்டோம்.

ஜூன் 14, சனி

எழுபத்தொன்று முடிந்தது. ஒன்றுதான் மீதி.

ஜூன் 15, ஞாயிறு

பார்க்கவில்லை. தலைக்குக் குளித்தேன். மெஸ்ஸில் சப்பாத்தி.

ஜூன் 16, திங்கள்

பார்க்கவில்லை.

ஜூன் 18, புதன்

மேடம் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். "என்னம்மா, எழுபத்தொண்ணுதான் இருக்கு. தாமதம் 3.7 வெச்ச பதிவு எங்க?"

"இருக்கு மேடம். இன்னும் திறக்கல."

"ஏன், ஃபைல் கெட்டுப்போச்சா?" என்று கேட்டபடி என் கம்ப்யூட்டரில் அவரே தேடினார். தேதியைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 21, இரண்டு வருடத்துக்கு முந்தியது. "இது வேண்டாம்மா. விட்டுரு. அந்த இடத்துல புதுசா ஒரு ரன் எடுத்துக்கலாம்."

"வேண்டாம்னு நான் சொன்னேனா மேடம்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். வழிகாட்டியிடம் பேசுகிற பேச்சா அது. அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். யாராவது தோளைத் தட்டினால் எனக்கு எரிச்சலாக வருகிறது. அதைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை.

ஜூன் 19, வியாழன்

திறந்தேன்.

இருபது நிமிடம் இருக்க வேண்டிய பதிவு ஏழு மணி நேரம் இருபத்தைந்து நிமிடம் ஓடியிருக்கிறது. அணைக்காமல் போய்விட்டேன். அது எனக்குத் தெரியும். அதை யார் அணைத்தார்கள் என்று இரண்டு வருடமாக நான் யோசிக்கவேயில்லை.

எழுதிவிடுகிறேன், எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது. பாப்பா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். அன்று பத்தாம் நாள். கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். எடை கூடியிருக்கிறது, அம்மா போய் ரெஸ்ட் எடுங்க என்று டாக்டர் சொன்னார். ரெக்கார்டர் வேறு துறையில் கடன் வாங்கியது, மறுநாள் திருப்பித் தர வேண்டும். ஒரே ஒரு ரன் பாக்கி. லேபுக்கு வந்து 10.30க்கு சுவிட்ச் போட்டேன். 10.50க்கு நேசனின் போன். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். அவள் பதினொன்று பத்துக்கே போய்விட்டாள்.

நேசன் மட்டும் இருந்தான். நான் இல்லை.

இனி பதிவு. முதல் நான்கு மணி நேரம் கிட்டத்தட்ட முழுக்க நேர்கோடு. பதினாறும் செத்துக் கிடக்கின்றன, என் அத்தியாயம் சொல்கிறபடியே. 2.26க்கு ஏழாவது சர்க்யூட்டில் ஒரு நடுக்கம். ஸ்கோப்பில் பார்த்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்காது. பிறகு எட்டு, ஆறு. மூன்று மணிக்கெல்லாம் பதினாறும் முழு வீச்சில், ஒன்றாக ஆடிக்கொண்டிருக்கின்றன. கடைசி நொடி வரை.

பாப்பா போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நேரம்கூடப் பொருந்தவில்லை. நான் அறிவியல்காரி.

ஆனால் நாலாம் அத்தியாயம் தப்பு.

ஜூன் 20, வெள்ளி

லேப் உதவியாளர் முத்தழகு அண்ணனிடம் கேட்டேன். அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார்.

"ஆமாம்மா, அன்னைக்கு ஆறு மணிக்கு நாந்தான் அணைச்சேன். கோடெல்லாம் ஜோரா ஆடிக்கிட்டு இருந்துச்சு. அணைக்கவே மனசு வரல. ஆனா நீங்க எப்ப வருவீங்கன்னு தெரியல பாருங்க."

"ஆடிக்கிட்டு இருந்துச்சுன்னு ஏன் அண்ணே என்கிட்ட சொல்லல?"

"நீங்க இருந்த இருப்புல அதைப் போய்ச் சொல்லுவாங்களாம்மா? அப்புறம் நீங்களும் கேக்கல."

இரண்டு வருடமாக என் அத்தியாயம் தப்பு என்று அறிந்த ஒரே ஆள், தினமும் எனக்கு டீ கொண்டுவந்து வைத்த ஆள்.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடி ரன். 3.7. காலை 9.00க்குப் போட்டேன். 1.50க்கு எழுந்தது.

ஜூன் 25, புதன்

சூட்டினால் இருக்கலாம். ஏசியை வைத்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் மாட்டினேன். அரை டிகிரிகூட மாறவில்லை. காலை 9.00க்குப் போட்டது, 12.55க்கு எழுந்தது.

ஜூன் 28, சனி

3.5இல் வைத்து மூன்று நாள் தொடர்ந்து விட்டுப் பார்த்தேன். எழவேயில்லை. செத்தது செத்ததுதான். 3.7இல் வைத்ததுதான் சாகவில்லை. அங்கே ஆட்டம் வளர்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். இருபது நிமிடம் பார்க்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் நேர்கோடு.

வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே வழி, காத்திருப்பது. எவ்வளவு நேரம் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

ஜூலை 1, செவ்வாய்

மேடத்திடம் சொன்னேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி. சமர்ப்பிக்க முப்பது நாள் இருக்கு. இப்பவா இதைத் தோண்டுவ?"

"நீங்கதான மேடம் ஒவ்வொண்ணா திறந்து பாக்கச் சொன்னீங்க."

"சொன்னேன், சொன்னேன்." சிரித்துவிட்டார். அப்புறம் எல்லா வரைபடத்தையும் ஒரு மணி நேரம் பார்த்தார். "இதை மறைச்சுக் குடுத்தா நமக்கு ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது. அத்தியாயத்தை மாத்து. உண்மையில முன்னாடி இருந்ததைவிட இதுதான் நல்லா இருக்கு. யாரும் இவ்வளவு நேரம் விட்டுப் பாத்ததில்ல."

நல்ல செய்தி. நல்ல செய்தி கேட்டால் வர வேண்டியது எதுவும் எனக்கு வரவில்லை. ஹாஸ்டலுக்கு வந்து நகம் வெட்டினேன்.

ஜூலை 5, சனி

அத்தியாயம் பதினோரு பக்கம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அப்போது சொன்னார்கள், அழுதுடும்மா, அழுதாத்தான் ஆறும் என்று. நேசன் சுவரில் முட்டி முட்டி அழுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வரவில்லை. அழாத என்னைப் பார்த்து அவன் ஒரு வாரத்தில் அழுவதை நிறுத்திக்கொண்டான். அவன் நிறுத்தியதைப் பார்த்து, சரி, இவனுக்கு ஆறிவிட்டது போல, நான் ஏன் கிளற வேண்டும் என்று நானும் பேச்சை நிறுத்தினேன். நான் பேசாததைப் பார்த்து அவன் ஓசூரில் வேலை தேடினான். யாரும் சண்டை போடவில்லை. ஒரு தட்டுகூட உடையவில்லை. எங்கள் வீட்டைப் போல அமைதியான வீடு தெருவிலேயே கிடையாது என்று வீட்டுக்காரம்மா புகழ்ந்தார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சர்க்யூட் வேறு, மனுஷன் வேறு. சர்க்யூட்டுக்கு லீவு போட வேண்டியதில்லை.

ஜூலை 9, புதன்

அத்தியாயம் முடிந்தது. வக்கீல் நினைவூட்டினார், ஆதார் அசலைக் கொண்டுவர வேண்டுமாம்.

ஜூலை 13, ஞாயிறு

நாளைக்குக் கட்டும் புடவைக்கு இஸ்திரி போட்டேன். எதற்குப் போனாலும் புடவைக்கு இஸ்திரி போட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

பத்தேகாலுக்குப் போனேன். நேசன் எனக்கு முன்னால் வந்து கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன். எதிரே இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தன. எனக்குப் பொறாமையாக இருந்தது. சத்தியமாக.

"தீசிஸ் முடிஞ்சுதா?" என்றான்.

"நாலாவது அத்தியாயம் தப்பாப் போச்சு. மாத்தி எழுதினேன்."

"தப்பா? எப்படி?"

"3.7ல சாகல. நாலு மணி நேரம் கழிச்சு எழுந்துருச்சு. பதினாறும்."

"சூடாயிருக்கும். என் பெட்டியில ஒரு ஐ.சி. சூடானா தாமதம் லேசா மாறும்."

"ஏசி போட்டுப் பாத்துட்டேன். சூடு இல்ல."

"எப்படிக் கண்டுபுடிச்ச? இருபது நிமிஷம்தான எடுப்போம்."

"ஒரு தடவை அணைக்காமப் போயிட்டேன்ல."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கு மேல் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவன் காத்திருந்திருப்பான். எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜட்ஜம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனிடம் முதலில் கேட்டார். "சிவநேசன், பிரிஞ்சு போறதுக்கு இப்பவும் சம்மதமா? யாரும் வற்புறுத்தலையே?"

"சம்மதங்கம்மா."

"மங்கையர்க்கரசி, உங்களுக்கு?"

சம்மதம் என்றுதான் சொல்வதாக இருந்தேன். பஸ்ஸில் வரும்போதுகூட அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாயைத் திறந்தால், "இல்லைங்கம்மா" என்று வந்தது.

வக்கீல் சகுந்தலா என் கையைக் கிள்ளினார். ஜட்ஜம்மா கேட்டார், "ஏம்மா, ஜனவரியில சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"அப்ப எனக்கு எதுவுமே தோணலைங்கம்மா. எதுவும் தோணாதப்ப யார் என்ன கேட்டாலும் சரின்னுதான் வருது."

"இப்பத் தோணுதா?"

"இப்பவும் பெருசாத் தோணலை. ஆனா முடிஞ்சுபோச்சுன்னு சொல்ற அளவுக்கு நான் இன்னும் பாக்கலைங்கம்மா."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. என்னை ஒரு தரம், அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒருவருக்குச் சம்மதமில்லாததால் மனு தள்ளுபடி என்று எழுதச் சொன்னார். மொத்தம் ஐந்து நிமிடம்.

வெளியே வந்ததும் நேசன் பிடித்துக்கொண்டான். "ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஜட்ஜைப் பாத்ததும் வாய் வந்துருச்சோ? என்னை என்ன பொம்மைன்னு நெனச்சியா?"

"நேசா..."

"ஒண்ணும் சொல்லாத. எனக்குப் பஸ் இருக்கு."

போய்விட்டான். வக்கீல் என்னைத் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை. கோபமாகத்தான் போனான். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அவன் என்னிடம் கோபப்பட்டது இன்றைக்குத்தான்.

ஜூலை 15, செவ்வாய்

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

ஜூலை 16, புதன்

பின்னிணைப்பு பைண்டிங்குக்குப் போனது.

ஜூலை 17, வியாழன்

இல்லை.

ஜூலை 18, வெள்ளி

காலை ஆறரைக்குப் போன். நேசன். எடுத்ததும் ஹலோகூடச் சொல்லவில்லை.

"போன்னு சொன்னது நாந்தான்டி."

"என்னது?"

"அன்னைக்கு. நீ லேபுக்குப் போகவே மாட்டேன்ன. நாந்தான், ரெண்டு மணி நேரம்தான, போயிட்டு வந்துரு, நான் பாத்துக்கறேன்னு துரத்தினேன். நல்லாப் பாத்துக்கிட்டேன்ல?"

அப்படிச் சொன்னான்தான். அவன் சொல்லும்வரை அது எனக்கு நினைவிலேயே இல்லை. நான் போனது மட்டும்தான் என் நினைவில் இருந்தது.

"அதுக்குத்தான் நீ என்கிட்ட பேசலன்னு இத்தனை நாள் இருந்தேன்," என்றான். "கோர்ட்ல நீ இல்லன்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணுமே புரியல. என் மேல கோவம் இருந்தா நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்னு நேத்திக்குத்தான் புரிஞ்சுது."

"லூசு. போனது நான்டா. அதுக்காக நீ என்னை வெறுத்துட்டேன்னு நெனச்சுத்தான் நான் வாயே திறக்கல."

"நான் எதுக்குடி உன்னை வெறுக்கணும்?"

பிறகு அவன் தன்பாட்டுக்குச் சொல்லத் தொடங்கினான். அந்தக் கடைசி இருபது நிமிடத்தை இதுவரை யாரிடமும் அவன் சொன்னதில்லை. "ஆதிரைக்கு வலிக்கலடி. அதை மட்டும் நீ நம்பு. என் விரலைப் புடிச்சுக்கிட்டு அப்படியே தூங்கின மாதிரிதான்..."

"யாருக்கு?" என்றேன்.

எங்கள் இரண்டு வீட்டிலும் பதினாறாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதற்கு முன்னால் வைக்கக்கூடாது. ஆஸ்பத்திரிச் சீட்டில், அவள் கால் பட்டையில், சுடுகாட்டு ரசீதில் எல்லாம் 'மங்கையர்க்கரசி பெண் குழந்தை' என்றுதான் இருந்தது.

"திருவாதிரையிலதான பொறந்தா," என்றான் மெதுவாக. "மூணாம் நாளே வெச்சுட்டேன். நீ தூங்கறப்ப கண்ணாடிகிட்ட போய்க் கூப்புடுவேன். வழக்கத்தை மீறி வெச்சதாலதான் போயிட்டாளோன்னு... அதான் உன்கிட்ட சொல்லல."

அப்போதுதான் எனக்கு வந்தது. ஹாஸ்டல் வராந்தாவில், பல் தேய்க்க நின்ற பெண்களுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்து கத்தி அழுதேன். அந்தப் பக்கம் அவனும் அழுதான். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன். "நானும் ஒரு பேரு வெச்சிருந்தேன்."

"நீயுமா? என்ன பேரு?"

"செண்பகம்."

"செண்பகமா? என்னடி அது, டவுன் பஸ் பேரு மாதிரி?"

"ஆதிரை மட்டும் என்னவாம்? நட்சத்திரம் பாத்து வெக்கற ஆளா நீ? பெரிய சயின்டிஸ்ட்!"

"பேருக்கு ஒரு பொருத்தம் வேணாமா? அவ மூஞ்சிக்குச் செண்பகம் ஒத்தே வராது."

"அவ மூஞ்சி உனக்கு மட்டும்தான் தெரியுமா? நான் பெத்தவ."

"நான் கூப்பிட்டா கண்ணைத் திறப்பா தெரியுமா? ஆதிரைன்னா உடனே திறப்பா."

"எல்லாச் சத்தத்துக்கும் திறப்பா. மானிட்டர் கத்தினாக்கூடத் திறப்பா."

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். தொண்டை கட்டிவிட்டது. மெஸ்ஸில் டிபன் தீர்ந்துவிட்டது. நாளைக்கு நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று மிரட்டிவிட்டு வைத்தான்.

பத்து நாள் இருந்தவளுக்கு இரண்டு பெயரும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். முடியாது, ஒன்றுதான் என்கிறான்.